காட்டும் அளவும் உள்ள அளவும்: ஆலைகளில் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது?

ஜுபைல், ருவைஸ், ராஸ் லஃப்பான் என்ற பெயர்கள் நம் ஜமாஅத்தில் பல வீடுகளுக்குப் பழக்கமானவை. அங்கே வேலை பார்க்கும் பிள்ளையிடம் என்ன வேலை என்று கேட்டால் பேனல் ஆபரேட்டர், ஃபீல்டு ஆபரேட்டர், இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அதற்கு மேல் வீட்டில் கேட்பதில்லை. ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வதோடு சரி. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் கொதிக்கும் எண்ணெயும் அழுத்தத்தில் அடைபட்ட வாயுவும் இருக்கின்றன. அவற்றை எல்லைக்குள் வைத்திருக்கும் கலைக்கு ‘ப்ராசஸ் கன்ட்ரோல்’ என்று பெயர். இந்த மாதம் கல்வி உதவிக்கு வந்த பெற்றோர் சிலர் இந்தப் படிப்பைப் பற்றி விசாரித்ததால், அதன் அடிப்படையை எல்லோருக்கும் புரியும்படி எழுதலாம் என்று நினைத்தேன்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குவோம். தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் பந்து மிதக்கிறது. தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், குழாய் மூடும். பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தொட்டியிலும் பல இடங்களில் இதே ஏற்பாடுதான். இதில் மூன்று வேலைகள் நடக்கின்றன: மட்டத்தை அளப்பது, அது வேண்டிய மட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது, அதற்கேற்பத் தண்ணீரைக் கூட்டுவது அல்லது குறைப்பது. வேண்டிய அளவை ஆலைக்காரர்கள் ‘செட் பாயின்ட்’ என்பார்கள். ஆலையில் இந்த மூன்று வேலைகளையும் தனித்தனிக் கருவிகள் செய்கின்றன. அளப்பது சென்சாரும் டிரான்ஸ்மிட்டரும், முடிவு செய்வது கன்ட்ரோலர், செய்து முடிப்பது வால்வு. எவ்வளவு பெரிய சுத்திகரிப்பு ஆலையாக இருந்தாலும் உள்ளே இருப்பது இந்த மூன்றும் சேர்ந்த நூற்றுக்கணக்கான வளையங்கள்தான்.

இந்த மிதவை வால்வு நேற்று வந்ததும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த க்டெசிபியஸ் தம் நீர்க்கடிகாரத்தில் இதைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் மூஸா இப்னு ஷாகிரின் மக்களான முஹம்மத், அஹ்மத், ஹஸன் என்ற மூன்று சகோதரர்கள் ‘கிதாபுல் ஹியல்’ என்ற நூலில் தாமாகவே நிரம்பும், தாமாகவே நிற்கும் பாத்திரங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1206இல் நூல் எழுதி முடித்த அல்ஜஸரி, கடிகாரத்தில் தண்ணீர் ஒரே சீராக விழுவதற்கு மிதவையைக் கொண்டு அதன் மட்டத்தை நிலைநிறுத்தினார். மத்ரஸாவில் இவர்களின் பெயர்களை நாங்கள் படித்ததில்லை. கல்லூரிக்குப் போன பிறகு, அதுவும் ஆங்கிலப் புத்தகத்தில்தான் எனக்கு அறிமுகமானார்கள்.

கட்டுப்பாட்டில் மிக எளியது ஆன்–ஆஃப் முறை. இஸ்திரிப் பெட்டி சூடு ஏறியதும் ‘டிக்’ என்று அணைந்து, ஆறியதும் மீண்டும் எரிகிறது. ஃபிரிட்ஜும் அப்படித்தான். வேண்டிய அளவுக்கு மேலும் கீழுமாக ஊசலாடிக்கொண்டே இருக்கும். துணிக்கு அது போதும். ஒரு வினைகலத்தில் இரண்டு டிகிரி கூடினால் சரக்கு கெட்டுப்போகும் என்றால் அங்கே போதாது. பெரிய வால்வை முழுக்கத் திறப்பதும் முழுக்க மூடுவதுமாக இருந்தால் குழாய்களும் தாங்காது.

அப்படியானால் என்ன செய்வது? நோன்புக் கஞ்சி காய்ச்சும் பண்டாரியைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் அடுப்பை எரிப்பதும் அணைப்பதுமாக இருப்பதில்லை. தேக்சாவில் கொதி குறைவாக இருந்தால் இரண்டு விறகைத் தள்ளுகிறார், மிகக் குறைவாக இருந்தால் நாலு விறகு. குறை எவ்வளவோ அவ்வளவு தீ. இது கட்டுப்பாட்டின் முதல் விதி, இதை ‘ப்ரபோர்ஷனல்’ என்பார்கள். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் ஒரு சிக்கல் உண்டு. கொதி நிலைத்திருப்பதற்கே எப்போதும் கொஞ்சம் தீ வேண்டும். குறை இருந்தால்தான் தீ வைப்பேன் என்ற விதியோ, குறை இல்லாதபோது தீயே வைக்காது. ஆகவே கஞ்சி வேண்டிய சூட்டுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிடும். அனுபவமுள்ள பண்டாரி, ‘கால் மணி நேரமாக இது ஏறவே இல்லையே’ என்று கணக்கு வைத்து இன்னொரு விறகைச் சேர்ப்பார். குறை எவ்வளவு என்பதோடு எத்தனை நேரமாகக் குறை என்பதையும் சேர்த்துப் பார்ப்பது இரண்டாவது விதி, ‘இன்டக்ரல்’. மூன்றாவதாக, கஞ்சி இன்னும் பொங்கவில்லை, ஆனால் வேகமாக மேலே வருகிறது. பொங்கிய பிறகு விறகை இழுத்து என்ன பயன்? ஏறும் வேகத்தைப் பார்த்தே முன்கூட்டி இழுத்துவிடுகிறார். இது ‘டெரிவேட்டிவ்’. இந்த மூன்றின் முதலெழுத்துகள்தான் பி.ஐ.டி. உலகத்தில் ஓடும் ஆலைகளில் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இன்றைக்கும் இந்த மூன்றையோ அல்லது முதல் இரண்டையோ வைத்துத்தான் ஓடுகின்றன.

கப்பலைத் திசை மாறாமல் ஓட்டும் சுக்கான்காரர்களைக் கவனித்து 1922இல் இந்த மூன்று விதிகளையும் கணிதமாக எழுதியவர் நிக்கலாஸ் மினார்ஸ்கி. ஒவ்வொரு விதிக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது என்பதற்கு நடைமுறை வழி சொன்னவர்கள் சீக்லர், நிக்கல்ஸ் என்ற இருவர், 1942இல். கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் அவர்கள் பெயரில் உள்ள கணக்கைப் போட்டுப் படிக்கிறார்கள்.

பண்டாரியின் வேலையில் இன்னொன்றும் இருக்கிறது. விறகை இழுத்தவுடன் கொதி அடங்காது. அடிக்கனமான தேக்சாவும் அதற்குள் உள்ள கஞ்சியும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். செய்ததற்குப் பலன் தெரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். புதிதாக வந்த பையன் அந்தத் தாமதம் தெரியாமல், ‘இழுத்தும் அடங்கவில்லையே’ என்று எல்லா விறகையும் இழுத்துவிடுவான். பத்து நிமிடத்தில் கஞ்சி அவிந்துபோகும். பிறகு பதறி விறகைக் குவிப்பான், அடிப்பிடிக்கும். ஆலையில் கட்டுப்பாடு கெட்டுப்போவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. தாமதம் அதிகமுள்ள இடத்தில் கன்ட்ரோலரை அவசரக்காரனாக அமைத்துவிட்டால், அது அடக்க வேண்டிய ஆட்டத்தை அதுவே கிளப்பிவிடும்.

இதுவரை சொன்னதற்கெல்லாம் ‘ஃபீட்பேக்’ என்று பெயர். நடந்ததைப் பார்த்துத் திருத்துவது. அதன் குறை அந்த வார்த்தையிலேயே இருக்கிறது, கோளாறு நடந்த பிறகுதான் அதற்குத் தெரியும். அதைத் தாண்டும் மற்ற முறைகளைப் பார்க்க பாய்லரை எடுத்துக்கொள்ளலாம். சாயப் பட்டறை, அரிசி ஆலை, தோல் தொழிற்சாலை என்று நம் பக்கத்திலும் நீராவிக்கு பாய்லர் வைத்திருக்கிறார்கள்.

பெரிய பாய்லர்களில் மேலே ‘டிரம்’ என்ற உருளை இருக்கும். அதில் பாதியளவு தண்ணீர், மேலே நீராவி. தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் நீராவியோடு தண்ணீரும் குழாயில் போய் டர்பைனைக் கெடுக்கும். தண்ணீர் வற்றினால் குழாய்கள் காய்ந்து பழுத்துவிடும், அது வெடிப்பில் போய் முடியலாம். ஆகவே மட்டத்தை அளந்து, குறைந்தால் தண்ணீரைத் திற என்று ஒரு கன்ட்ரோலர் வைக்கிறோம். சரியாகத்தானே இருக்கிறது?

ஆலையில் திடீரென்று நீராவி அதிகம் தேவைப்படுகிறது என்று வையுங்கள். டிரம்மில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கியதும் தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழிகள் உப்பும், புதிய குமிழிகளும் கிளம்பும். சோடா பாட்டிலைத் திறந்தால் நுரை மேலே வருவது போலத் தண்ணீர் மட்டம் உயரும். உண்மையில் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் வருவதைவிட நீராவியாகப் போவது அதிகம். ஆனால் மட்டமானி ‘ஏறிவிட்டது’ என்கிறது. கன்ட்ரோலர் அதை நம்பித் தண்ணீரை மூடுகிறது. எந்த நேரத்தில் கூடுதலாகத் தண்ணீர் வேண்டுமோ அந்த நேரத்தில் குறைத்துவிடுகிறது. மானி பழுதில்லை, கன்ட்ரோலரும் பழுதில்லை. மட்டம் ஒன்றை மட்டும் கேட்டு முடிவெடுத்ததுதான் கோளாறு.

இதற்கு ஆலைக்காரர்கள் கண்ட வழி, இன்னும் இரண்டு சாட்சிகளைக் கேட்பது. வெளியே போகும் நீராவி எவ்வளவு என்று ஒரு மானி அளக்கிறது. நீராவி கூடினால் மட்டம் என்ன சொன்னாலும் அதே அளவு தண்ணீரை உடனே கூட்டு என்று ஆணை போகிறது. மட்டம் கெடும்வரை காத்திராமல், கெடுக்கப்போகும் காரணத்தையே பார்த்து முன்கூட்டிச் செயல்படும் இந்த முறை ‘ஃபீட் ஃபார்வர்டு’. விருந்தாளிகள் தெரு முனையில் வருவதைப் பார்த்தவுடன் உலையில் அரிசியைக் கூட்டிப் போடுவது மாதிரி. மூன்றாவது மானி உள்ளே வரும் தண்ணீரை அளக்கிறது. வால்வைப் பாதி திற என்று சொன்னால் பாதித் தண்ணீர்தான் வரும் என்பது நிச்சயமில்லை. பம்ப்பின் அழுத்தம் மாறினால் வரத்தும் மாறும். அதனால் பெரிய கன்ட்ரோலர் வால்வுக்கு நேராக உத்தரவு போடாமல், தன் கீழே ஒரு சின்ன கன்ட்ரோலரை வைத்து ‘மணிக்கு இத்தனை டன் தண்ணீர் வர வேண்டும்’ என்று சொல்கிறது. அதை நடத்திக் காட்டுவது சின்னதின் பொறுப்பு. இப்படி ஒன்றின் கீழ் ஒன்றாக வைப்பது ‘கேஸ்கேட்’. மட்டம், நீராவி, வரும் தண்ணீர் என்று மூன்றையும் பார்ப்பதால் இந்த ஏற்பாட்டுக்கு மூன்று-அம்சக் கட்டுப்பாடு என்று பெயர். தனித்தனிப் பாடமாகப் பிள்ளைகள் படிக்கும் ஃபீட்பேக், ஃபீட் ஃபார்வர்டு, கேஸ்கேட் மூன்றும் இந்த ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

அதே பாய்லரின் அடுப்பில் ‘ரேஷியோ’ முறையும் உண்டு, எரிபொருளுக்கும் காற்றுக்கும் ஒரு விகிதம். தீயைக் கூட்டும்போது முதலில் காற்றைக் கூட்டி அதன் பிறகே எரிபொருளைக் கூட்ட வேண்டும். குறைக்கும்போது முதலில் எரிபொருள், அப்புறம் காற்று. மாறிச் செய்தால் எரியாத எரிபொருள் அடுப்புக்குள் தங்கிவிடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை. மானியிலிருந்து கன்ட்ரோலருக்குச் செய்தி மின்னோட்டமாகப் போகிறது. பூஜ்யம் என்று சொல்ல 4 மில்லி ஆம்பியர், முழு அளவு என்று சொல்ல 20 மில்லி ஆம்பியர். பூஜ்யத்துக்குப் பூஜ்யத்தையே அனுப்பாமல் ஏன் 4? கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யமாகிவிடும். அப்போது ‘தொட்டி காலி’ என்று தவறாக நினைக்காமல் ‘கம்பி போய்விட்டது’ என்று கண்டுகொள்ளலாம். அடுத்தது வால்வு. அதை இயக்கும் காற்றழுத்தம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். எந்தப் பக்கம் என்பதை முன்பே யோசித்து அமைப்பார்கள். எரிபொருள் வால்வு மூடிக்கொள்ள வேண்டும், குளிர்நீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு யோசனையும் கைவிட்டுப்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில் உள்ள பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்த ஒரு பிரிவை மறுபடி ஓட்டத் தொடங்குகிறார்கள். அதில் ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரம். அதன் அடியில் சில அடி உயரத்துக்கு மட்டும் திரவம் இருக்க வேண்டும். அங்கே இருந்த மட்டமானியும் அடிப்பகுதியில் சுமார் 10 அடிக்குள் உள்ளதைத்தான் காட்டக்கூடியது. அதற்கு மேல் எவ்வளவு நிரம்பினாலும் அதற்குத் தெரியாது.

காலையில் திரவம் உள்ளே வரத் தொடங்கியது. வெளியேற்றும் வால்வு மூடியே இருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேலாக உள்ளே வந்ததே தவிர வெளியே போகவில்லை. திரையில் மட்டம் ஏறவில்லை, மெல்ல மெல்ல இறங்குவதாகக் காட்டியது. அது எப்படி? அந்த மானி, திரவத்தில் மூழ்கிய ஒரு மிதவைக் குண்டைத் திரவம் எவ்வளவு மேலே தூக்குகிறது என்பதைக் கொண்டு மட்டத்தைக் கணிப்பது. குண்டு முழுக்க மூழ்கிவிட்டது. கீழே சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். சூடான திரவம் லேசாகும், லேசான திரவம் குண்டைக் குறைவாகத் தூக்கும். மானி அதை ‘மட்டம் குறைகிறது’ என்று மொழிபெயர்த்தது. போதாததற்கு, அது அந்தத் திரவத்துக்கு ஏற்றபடி சரியாக அளவுத்திருத்தம் செய்யப்படவும் இல்லை. கோபுரத்தில் 158 அடிக்குத் திரவம் நின்றபோது திரை ஏறத்தாழ 8 அடி என்றது.

வேறு சாட்சிகளும் இருந்தன, ஒன்றும் பேசவில்லை. உயர் மட்டம் வந்தால் ஒலிக்க வேண்டிய தனி அலாரம் ஒலிக்கவில்லை. வெளியிலிருந்து கண்ணால் பார்க்கும் கண்ணாடிக் குழாய் அழுக்கேறிப் பயன்படாமல் இருந்தது. உள்ளே வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு என்ற இரண்டு எண்களும் ஒரே திரையில் இல்லை. இருந்திருந்தால் கடைக்காரர் வரவு செலவு பார்ப்பது போலக் கழித்துப் பார்த்திருக்கலாம். பேனலில் இருந்தவர் 29 நாட்களாக விடுப்பில்லாமல் நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்துகொண்டிருந்தார் என்று பிறகு நடந்த விசாரணை சொல்கிறது.

பிற்பகல் 1.20 மணியளவில் வெடித்தது. கோபுரம் நிரம்பி வழிந்த திரவம் ஒரு புகைபோக்கி வழியே ஊற்றுப் போலக் கிளம்பி, ஆவியாகித் தரையில் படர்ந்து தீப்பிடித்தது. 15 பேர் மாண்டார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். மாண்டவர்கள் அந்தக் கோபுரத்தை ஓட்டிய ஊழியர்கள் அல்லர். பக்கத்தில் போட்டிருந்த தற்காலிக அலுவலகங்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள். வளைகுடாவில் நம் பிள்ளைகளில் பலர் இருப்பதும் ஒப்பந்தப் பணியில்தான்.

கட்டுப்பாடு என்ற வேலையில் கன்ட்ரோலர் எவ்வளவு புத்திசாலி என்பதைவிட, அது யாரை நம்புகிறது என்பதே பெரிய கேள்வியாக எனக்குப் படுவது இதனால்தான். எந்தக் கன்ட்ரோலரும் தொட்டியைப் பார்ப்பதில்லை, மானி சொல்வதை மட்டுமே கேட்கிறது. பேனல் முன் உட்கார்ந்திருக்கும் மனிதரின் நிலையும் அதுதான். ஆகவே நல்ல ஆலைகளில் கட்டுப்பாட்டை ஓட்டும் மானி வேறு, பாதுகாப்புக்கு நிறுத்தும் மானி வேறு என்று வைக்கிறார்கள். முதல் மானி கெட்டாலும் இரண்டாவது தன் பாட்டுக்கு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். இந்த இரண்டாவது ஏற்பாட்டை ‘இன்டர்லாக்’, ‘ட்ரிப்’ என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்த இரண்டாவது காவலாளியையும் சும்மா விட முடியாது. அதே 2005ஆம் ஆண்டு டிசம்பர் 11, இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்த ஒரு தொட்டியின் மானி சிக்கிக்கொண்டு ஒரே அளவைக் காட்டியபடி நின்றது. தொட்டி நிரம்பினால் தானாக நிறுத்த வேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. அந்த சுவிட்சில் சோதனை செய்வதற்கு ஒரு நெம்புகோல் உண்டு. அதைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டு எதற்கு என்று புரியாமல் போடாமலே விட்டிருந்தார்கள். பெட்ரோல் வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, காலை ஆறு மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் யாரும் உயிரிழக்கவில்லை. 40 பேருக்கு மேல் காயம்.

ஆலையில் வேலை செய்யும் பிள்ளை ஊருக்கு வரும்போது சம்பளம், விசா, டிக்கெட் பற்றிக் கேட்கிறோம். ‘அடிக்கடி அடித்துத் தொல்லை தருகிறது என்று அலாரத்தை அமுக்கி வைக்கிறார்களா? இன்டர்லாக்கை பைபாஸ் செய்து ஓட்டச் சொல்கிறார்களா? எழுத்தில் அனுமதி கொடுக்கிறார்களா?’ என்றும் கேளுங்கள். அத்தாவோ மாமாவோ இதைக் கேட்டால் பிள்ளை முதலில் சிரிப்பான், பிறகு நிறையச் சொல்வான்.

படிப்பைப் பற்றி விசாரித்தவர்களுக்கு: பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல், கெமிக்கல் ஆகிய டிப்ளமோக்கள் உண்டு. பொறியியலில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், கெமிக்கல். ஐ.டி.ஐ. பக்கம் ‘இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் – கெமிக்கல் பிளான்ட்’, ‘அட்டெண்டன்ட் ஆபரேட்டர் – கெமிக்கல் பிளான்ட்’ என்ற பெயர்களிலேயே தொழிற்பிரிவுகள் இருக்கின்றன. பாய்லரில் வேலை செய்ய விரும்புபவர் அதற்கென்று உள்ள பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழைப் பெற வேண்டும். எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் கணக்கும் இயற்பியலும் கைகொடுக்கும். பத்தாம் வகுப்பில் இவை இரண்டிலும் பின்தங்கும் பிள்ளைகளை, விடுமுறைக்குக் காத்திராமல் இப்போதே மாலை வகுப்புக்கு அனுப்பிவையுங்கள். அலுவலகத்தில் மஃரிபுக்குப் பிறகு பெயர் கொடுக்கலாம்.